முதியோர் இல்லத்தில் பதில் பொறுப்பு

முப்பது முதியோர் வாழும் ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். பன்னிரண்டு ஆண்டுகளாக அதை நடத்திவந்த அருட்சகோதரி, ஒரு சனிக்கிழமை இரவு செபமாலை முடிந்து எழும்போது மயங்கி விழுகிறார். அம்புலன்ஸ் வந்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. பாரிசவாதம் என்கிறார் வைத்தியர். எப்போது திரும்புவார், திரும்புவாரா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு விடிகிறது. மருந்து அலுமாரியின் திறப்பு அவருடைய கைப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. எந்த அப்புவுக்கு எந்தக் குளிசை என்பது அவருக்கு மனப்பாடம். எழுதிய தாள் இல்லை. மரக்கறிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய காசு வங்கியில் இருக்கிறது. காசோலையில் கையொப்பமிடக்கூடியவர் அவர் ஒருவரே. பத்து மணியளவில் ஓர் ஆச்சிக்கு மூச்சு இழுக்கிறது. அவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதா, வைத்தியரை அழைப்பதா, வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அறிவிப்பதா? சமையற்கார அம்மா தாதிப் பிள்ளையைப் பார்க்கிறார். தாதிப் பிள்ளை தோட்டக்காரரைப் பார்க்கிறார். எல்லாரும் நல்லவர்கள்; எல்லாரும் வேலை தெரிந்தவர்கள். ஆனால் "நான் பொறுப்பு" என்று சொல்ல ஒருவருமில்லை.

இது நாம் கற்பனை செய்த இல்லம். ஆயினும் தலைமை இடம் திடீரென வெறுமையாகும் ஆபத்து எந்த இல்லத்துக்கும் உண்டு. மரணம், நோய், இடமாற்றம், வெளிநாட்டுப் பயணம், மனக்கசப்பினால் விலகல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் என்ன செய்வது? நிரந்தரமான ஒருவர் வரும்வரை பதில் பொறுப்பாளராக நிற்பவர் யார், அவருடைய கடமை என்ன, அவருடைய எல்லை எது? இதைப்பற்றியே இவ்வாரம் படிக்கப்போகிறோம். இது நிர்வாக சபைக்கு மட்டும் உரிய விஷயமன்று. தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் ஒப்படைத்திருக்கும் குடும்பத்துக்கும், வயதானவரை வீட்டிலேயே பராமரிக்கும் குடும்பத்துக்கும் உரியது.

ஒரு நாளும் பூட்ட முடியாத வீடு

பாடசாலையில் அதிபர் இல்லாவிட்டால் ஒரு நாள் விடுமுறை விடலாம். அலுவலகத்தில் முகாமையாளர் இல்லாவிட்டால் கடிதங்கள் மேசையில் காத்திருக்கும். முதியோர் இல்லத்தில் எதுவும் காத்திருக்காது. நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் ஏற்றியபின் உணவு பிந்தினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். படுக்கையிலேயே கிடப்பவரைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். தாகத்தை உணராத முதியவருக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்க நினைத்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் பெரிய காரியங்களாகத் தோன்றா. ஆனால் ஒரு முதியவரின் உயிர் இத்தகைய சிறிய காரியங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உடலுக்கு வரும் தீங்கு ஒன்று. மனத்துக்கு வரும் தீங்கு இன்னொன்று. வீட்டையும் ஊரையும் விட்டு வந்த முதியவருக்கு அந்தப் பொறுப்பாளரின் முகமே வீடாகிவிட்டது. அந்த முகம் ஒருநாள் காணாமற்போகிறது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. "சிஸ்டர் வருவா, வருவா" என்று மழுப்புகிறார்கள். மறதி நோய் உள்ளவர் கலங்கிப்போகிறார். அறிவு தெளிவாக உள்ளவரோ, "இல்லத்தை மூடப்போகிறார்களாம், எங்களை எங்கே அனுப்பப்போகிறார்கள்?" என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார். இந்தப் பயத்தைத் தீர்ப்பதும் பதில் பொறுப்பாளரின் முதற் கடமைகளில் ஒன்று.

வேதாகமம் காட்டும் இரண்டு இடைவெளிகள்

மோயீசனின் வாழ்வில் இரண்டு தடவை தலைமை இடம் வெறுமையாகும் நிலை வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கு ஒரு பாடமே கிடைக்கும்.

முதலாவது, சீனாய் மலையில் நடந்தது. மோயீசன் மலைமேல் ஏறுமுன், வழக்கு உள்ளவர்கள் ஆரோனிடமும் கூரிடமும் போகலாம் என்று மூப்பர்களிடம் சொல்லிவிட்டுப் போனார் (யாத்திராகமம் 24). ஆகவே பதில் பொறுப்பாளர்களை அவர் நியமிக்காமற் போகவில்லை. ஆனால் எப்போது திரும்புவார் என்பது மக்களுக்குத் தெரியாது. நாற்பது நாள் சென்றது. மோயீசனுக்கு என்ன ஆயிற்றோ என்று மக்கள் பொறுமையிழந்தனர். ஆரோனைச் சூழ்ந்துகொண்டு புதிய தெய்வத்தைக் கேட்டனர். ஆரோன் பொற்கன்றைச் செய்து கொடுத்தார் (யாத்திராகமம் 32). மோயீசன் திரும்பிவந்து கேட்டபோது, மக்களின் பொல்லாப்பை உமக்கே தெரியுமே என்று சொல்லித் தப்பப் பார்த்தார்.

ஆரோன் தீயவரல்லர். அவர் பின்னாளில் தலைமைக் குருவாக விளங்கியவர். ஆனால் பதில் பொறுப்பில் இருப்பவருக்கு வரும் பெரிய சோதனையில் அவர் விழுந்தார். தலைவர் இல்லாத வேளையில் எல்லாரும் ஒன்று கேட்பார்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தினால் அமைதியாக நாட்களைக் கடத்திவிடலாம் என்று தோன்றும். கேட்டதைக் கொடுத்தால் அன்றைய சத்தம் அடங்கும். அடுத்து வருபவர் அதன் விளைவைச் சுமக்க வேண்டும்.

இரண்டாவது, மோயீசனின் இறுதிக் காலத்தில் நடந்தது. தாம் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் போகமாட்டார் என்று அறிந்ததும் அவர் தமக்காக ஒன்றும் கேட்கவில்லை. மக்கள் மேய்ப்பனில்லாத ஆடுகளாகிவிடாதபடி அவர்களுக்கு ஒருவரை ஏற்படுத்தும் என்று ஆண்டவரை இரந்தார் (எண்ணாகமம் 27). யோசுவாவை எலெயாசார் குருவின் முன்பாகவும் சபையார் அனைவர் முன்பாகவும் நிறுத்திக் கைகளை வைத்துப் பொறுப்பைக் கொடுத்தார். இங்கே மூன்று காரியங்களைக் கவனியுங்கள். இடம் வெறுமையாகுமுன்பே ஆள் பெயர் சொல்லப்பட்டது. எல்லாரும் காணப் பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. பெயர் மட்டுமன்றி அதிகாரமும் கொடுக்கப்பட்டது.

அப்போஸ்தலர் பணி நூலின் முதலாம் அதிகாரத்தில் இன்னொரு பாடம் உண்டு. யூதாசின் இடம் வெறுமையானபோது இராயப்பர் சகோதரரைக் கூட்டி, ஆண்டவரோடு தொடக்கம் முதல் கூடவே இருந்தவர்களிலிருந்து ஒருவரைத் தெரியவேண்டும் என்றார். மத்தியாஸ் தெரிந்தெடுக்கப்பட்டார். இல்லத்தின் வழிமுறைகளை உள்ளிருந்து கண்டவருக்கே, இடைவெளியில் முதலில் அழைப்பு வரவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

திருச்சபை கைக்கொள்ளும் ஒழுங்கு

தலைமை இடம் வெறுமையாவது திருச்சபைக்குப் புதிதன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாப்பரசர்களும் ஆயர்களும் பங்குக் குருக்களும் இறந்தும் மாறியும் வந்திருக்கிறார்கள். இந்த அனுபவத்தின் சாரத்தை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் காணலாம்.

ஆயரின் ஆசனம் வெறுமையானால், அச்செய்தி கிடைத்து எட்டு நாட்களுக்குள் ஆலோசகர் குழு மறைமாவட்டப் பரிபாலகர் ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும் (இலக்கம் 421). இருவரோ மூவரோ அல்ல, ஒருவரே. அவர் அதே வேளையில் நிதிப் பொறுப்பாளராகவும் இருக்கக்கூடாது (இலக்கம் 423). ஆசனம் வெறுமையாக இருக்கும்வரை புதிதாக எதையும் மாற்றக்கூடாது. ஆவணங்களை எடுக்கவோ அழிக்கவோ திருத்தவோ கூடாது (இலக்கம் 428). புதிய ஆயர் பொறுப்பேற்றதும் அவருடைய பணி முடிகிறது (இலக்கம் 430).

பங்கிலும் அப்படியே. பங்குக் குருவின் இடம் வெறுமையானால், பரிபாலகர் நியமிக்கப்படும்வரை உதவிப் பங்குக் குரு பொறுப்பேற்று, உடனே மறைமாவட்ட அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் (இலக்கம் 541). பங்குப் பரிபாலகருக்குப் பங்குக் குருவின் கடமைகளும் உரிமைகளும் உண்டு. ஆனால் பங்குக் குருவின் உரிமைக்கோ பங்கின் சொத்துக்கோ பாதகமாக எதையும் செய்யக்கூடாது. பணி முடிந்ததும் கணக்குக் கொடுக்க வேண்டும் (இலக்கம் 540).

உலகமே பார்த்த உதாரணம் 2025இல் நடந்தது. ஏப்ரல் 21ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் இறைவனடி சேர்ந்தார். மே 8ஆம் திகதி பதினான்காம் லியோ பாப்பரசர் தெரிவுசெய்யப்பட்டார். இடைப்பட்ட நாட்களில் கமர்லெங்கோ எனப்படும் பொறுப்பில் இருந்த கர்தினால் கெவின் பரெல், திருப்பீடத்தின் உடைமைகளைக் காத்து, அன்றாடக் காரியங்களைக் கவனித்தார். பாப்பரசரின் மரணத்தோடு உரோமைத் திணைக்களங்களின் தலைவர்களில் அநேகமாக எல்லாருடைய பதவியும் நின்றுவிடும். ஆனால் நிற்காத பணிகள் சில உண்டு. பாவசங்கீர்த்தனத்தோடும் மனச்சாட்சியோடும் தொடர்புடைய காரியங்களைக் கவனிக்கும் அதிகாரி பணியைத் தொடர்வார். பாப்பரசரின் பெயரால் ஏழைகளுக்குத் தர்மம் கொடுக்கும் அதிகாரியும் முன்போலவே தம் பணியைத் தொடர்வார். 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் வெளியிட்ட தெரிவு ஒழுங்கு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. இராயப்பரின் ஆசனமே வெறுமையாக இருந்தாலும் ஏழையின் சாப்பாடு நிற்கக்கூடாது என்பதுதான் இதன் கருத்து. முதியோர் இல்லத்தின் பதில் பொறுப்பாளர் சுவரில் எழுதிவைக்கவேண்டிய பாடம் இது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நோயுற்று ஓய்வுபெற்றபின், திருகோணமலையின் ஓய்வுபெற்ற ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகை 2016 ஜனவரியில் மன்னாரின் அப்போஸ்தலிக்க பரிபாலகராகப் பாப்பரசரால் நியமிக்கப்பட்டார். 2017 நவம்பரில் இம்மானுவேல் பெர்னாண்டோ ஆண்டகை புதிய ஆயராக நியமிக்கப்படும்வரை அப்பொறுப்பு அவரிடம் இருந்தது. பல ஆண்டுகள் ஆயராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், தமக்கென அந்த ஆசனத்தை நாடாமல் வந்து காத்து, உரியவர் வந்ததும் ஒப்படைத்துப் போவதை நம் மக்கள் கண்ணாலே கண்டார்கள். முதியோர் இல்லத்துக்கும் இத்தகைய அனுபவசாலிகள் உண்டு: ஓய்வுபெற்ற தாதி மேற்பார்வையாளர், ஓய்வுபெற்ற அதிபர், முன்பு வேறோர் இல்லத்தை நடத்திய அருட்சகோதரி. அத்தகையோரை நிர்வாக சபை இப்போதே அறிந்துவைத்திருப்பது புத்தி.

பிற நாடுகளின் சட்டம்

நம் உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில், பராமரிப்பு இல்லம் ஒவ்வொன்றுக்கும் பதிவுபெற்ற முகாமையாளர் இருப்பது பொது விதி. அவர் தொடர்ந்து 28 நாட்களோ அதற்கு மேலோ பணியில் இல்லாதிருப்பாரானால் மேற்பார்வை ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். எதிர்பாராத அவசரமானால் ஐந்து வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எதற்காக, எவ்வளவு காலம், அக்காலத்தில் இல்லத்தை நடத்துபவர் யார் என்பதும் அதில் இருக்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் தாதியர் இல்லத்தின் நிர்வாகி மாநில அரசின் உரிமம் பெற்றவராக இருக்கவேண்டும். நிர்வாகியோ தாதியர் தலைவரோ மாறினால் மாநில அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதனால் அங்கே சில மாதங்களுக்கு மட்டும் வந்து பதில் நிர்வாகியாகப் பணிசெய்வது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. முதியோருக்கான தேசிய சபை அதன்கீழ் அமைந்தது. முதியோர் இல்லங்களைப் பதிவுசெய்யும் ஒழுங்கும் வந்தது. ஆயினும் சட்டம் கேட்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கிறிஸ்தவ இல்லம் சட்டத்துக்கு ஒரு படி முன்னே நிற்கவேண்டும்.

இல்லம் கைக்கொள்ளவேண்டிய ஏழு ஒழுங்குகள்

மேலே கண்ட பாடங்களைச் செயலுக்குக் கொண்டுவருவோம்.

முதலாவது, பெயரை முன்னதாகவே எழுதிவையுங்கள். பொறுப்பாளர் நலமாக இருக்கும்போதே, "நான் இல்லாத நேரத்தில் இன்னார், அவரும் இல்லாவிட்டால் இன்னார்" என்று நிர்வாக சபை தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். இது பொறுப்பாளருக்குச் சாவு நினைப்பதாகாது. மோயீசன் யோசுவாவை நிறுத்தியதுபோல, மந்தைமேல் உள்ள அன்பினால் செய்வது.

இரண்டாவது, ஒருவரிடம் மட்டும் எதையும் வைக்காதீர்கள். திறப்புகளுக்கு இரண்டாவது தொகுதி வேண்டும். ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு தாள் வேண்டும்: நோய், மருந்து, அளவு, நேரம், ஒவ்வாத மருந்து, வைத்தியர், அறிவிக்கவேண்டிய உறவினரின் தொலைபேசி இலக்கம், நோயில்பூசுதலைப்பற்றிய விருப்பம். வங்கியில் இருவர் கையொப்பமிடும் ஒழுங்கு வேண்டும். அந்த இருவருக்கும் மேலாக, அவசரத்துக்கு மூன்றாமவர் ஒருவரின் பெயரும் பதிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, முதல் நாளிலேயே அறிவியுங்கள். நிர்வாக சபைத் தலைவரோ பங்குத்தந்தையோ இல்லத்துக்கு வந்து, முதியோர் அனைவரையும் கூட்டி, படுக்கையில் இருப்பவரிடம் தாமே சென்று, நடந்ததைச் சொல்லவேண்டும். "சிஸ்டருக்குச் சுகமில்லை. அவர் வரும்வரை இவர் உங்களைப் பார்ப்பார். இல்லம் மூடப்படாது. உங்கள் கட்டில் உங்கள் கட்டில்தான்" என்ற இந்த நாலு வசனம் பல இரவுகளின் நித்திரையைக் காக்கும். பணியாளருக்கும் அதே நாளில் சொல்லவேண்டும். குடும்பங்களுக்கு அந்த வாரத்திலேயே எழுதவேண்டும்.

நான்காவது, அதிகாரத்தையும் எல்லையையும் எழுத்தில் கொடுங்கள். உயிர், உணவு, மருந்து, பாதுகாப்பு ஆகியவற்றில் பதில் பொறுப்பாளருக்கு முழு அதிகாரம் வேண்டும். அதற்காக அவர் யாரையும் கேட்டுக் காத்திருக்கக்கூடாது. மறுபுறம், காணி விற்பது, கட்டடம் இடிப்பது, நிரந்தர ஊழியரை நியமிப்பது, பழைய ஊழியரை நீக்குவது, சேர்க்கும் விதிகளை மாற்றுவது ஆகியவற்றை அவர் தொடக்கூடாது. அவசரமாக ஒரு தாதி தேவைப்பட்டால் குறித்த காலத்துக்கு எடுக்கலாம். ஊழியர் ஒருவர் முதியவரை அடித்தால், அவரை உடனே பணியிலிருந்து விலக்கிவைத்துச் சபைக்கு அறிவிப்பது கடமை. எதையும் மாற்றக்கூடாது என்ற விதி, தீங்கைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சாட்டு அல்ல.

ஐந்தாவது, பணத்தைப் பிரித்துவையுங்கள். பரிபாலகரே நிதிப் பொறுப்பாளராக இருக்கக்கூடாது என்று திருச்சபை ஏன் விதித்தது? அவரில் நம்பிக்கையில்லாததனாலன்று, அவருடைய நற்பெயரைக் காப்பதற்காகவே. குழப்பமான காலத்தில் வரும் பேச்சுக்களில் முதலாவது காசைப்பற்றியதாகத்தான் இருக்கும். செலவைத் தீர்மானிப்பவர் ஒருவர், கணக்கை வைத்திருப்பவர் இன்னொருவர் என்றால் அந்தப் பேச்சுக்கு இடமிராது.

ஆறாவது, பொருட்பட்டியல் எழுதுங்கள். திருச்சபைச் சொத்தைப் பொறுப்பேற்பவர் பணியைத் தொடங்குமுன் அசையும் பொருள், அசையாப் பொருள் யாவற்றுக்கும் தெளிவான பட்டியல் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது சட்டம் (இலக்கம் 1283). இல்லத்தில் இதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். முதியோர் பத்திரமாக வைக்கும்படி கொடுத்த சங்கிலி, மோதிரம், வங்கிப் புத்தகம், அடையாள அட்டை ஆகியவற்றைத் தனியாக எழுதவேண்டும். ஓர் ஆச்சியின் தாலிக்கொடி தொலைந்தால் அது நகை தொலைந்ததாக மட்டும் ஆகாது.

ஏழாவது, முடிவுத் திகதி குறியுங்கள். "ஆள் கிடைக்கும்வரை" என்பது காலம் அல்ல. மூன்று மாதம் என்று குறித்து, முடியும்போது சபை கூடி ஆராய்ந்து, தேவையானால் நீட்டலாம். முடிவில்லாத பதில் பொறுப்பு பணியாளரைச் சோரச்செய்யும். நிரந்தரமானவரைத் தேடும் சபையையும் தூங்கவைக்கும். புதியவர் வரும்போது, முந்தியவர் குறைந்தது ஒரு வாரமாவது கூட நின்று, ஒவ்வொரு முதியவரிடமும் அவரை அழைத்துச்சென்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, கணக்கும் பட்டியலும் ஒப்படைத்து விடைபெற வேண்டும்.

பதவி போனது, பணி நிற்கவில்லை

முதியோர் பணியின் பாதுகாவலி என்று சொல்லத்தக்கவர் புனித ஜான் ஜுகான். 1792இல் பிரான்சின் கான்கால் ஊரில் பிறந்தவர். 1839இன் குளிர்காலத்தில் சென் செர்வான் என்ற இடத்தில், பார்வையிழந்து நடமாட முடியாத ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து தமது கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1888இல் கொழும்புக்கும் அச்சபையினர் வந்தார்கள்.

1843 டிசம்பரில் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தெரிந்தனர். சில நாட்களில் அவர்களுக்கு ஆலோசகராக இருந்த லெ பாயர் என்ற குரு அத்தெரிவைத் தள்ளி, இளம் சகோதரியான மரி ஜாமேயைத் தலைவியாக்கினார். தலைமை இடம் ஒரே நாளில் மாறியது. ஜான் கட்சி சேர்க்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு முன்போல வீடு வீடாகப் போய் முதியோருக்காக இரந்தார். பின்னாளில் அதுவும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. 1879இல் இறக்கும்வரை சுமார் 27 ஆண்டுகள் தாய் மடங்களில் ஒதுங்கி வாழ்ந்தார். இளம் கன்னியர் பலருக்கு அவரே சபையைத் தொடங்கியவர் என்பதுகூடத் தெரியாது. 2009 ஒக்டோபர் 11ஆம் திகதி திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

அவருக்கு நடந்தது அநியாயம்; அதை நியாயம் என்று நாம் சொல்லக்கூடாது. நல்ல ஒழுங்குகள் இருந்திருந்தால் ஒரு மனிதரின் விருப்பத்தினால் தலைமை அவ்விதம் மாறியிராது. ஆனால் அந்த அநியாயத்தின் நடுவிலும் அவர் முதியோரின் உணவைத் தமது மானத்துக்கு முன்னே வைத்தார். பதில் பொறுப்பை ஏற்பவருக்கும், பொறுப்பை இழந்தவருக்கும் இதைவிடப் பெரிய பாடமில்லை.

குடும்பங்களின் பங்கு

ஆரோனைப் பிழைக்கச் செய்தவர்கள் மக்களே என்பதை மறவாதிருப்போம். பதில் பொறுப்பாளர் வந்ததும், "பழைய சிஸ்டர் தரமாட்டேன் என்றா, நீங்களாவது என் அம்மாவுக்குத் தனி அறை தாருங்கள்" என்று கேட்பது பொற்கன்று கேட்பதற்கு ஒப்பாகும். அவசரமில்லாத கோரிக்கைகளை நிரந்தரமானவர் வரும்வரை ஒத்திவையுங்கள். ஆனால் மருந்து பிந்தினால், புண் கண்டால், தாயின் கண்ணில் பயம் கண்டால், ஒத்திவைக்காதீர்கள். அன்றே மரியாதையாகச் சொல்லுங்கள்.

அந்த வாரங்களில் வழக்கத்தைவிட அடிக்கடி போய்ப் பாருங்கள். தெரிந்த முகம் ஒன்று போய்விட்ட நேரத்தில் தெரிந்த இன்னொரு முகம் மருந்தாகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள ஒரு சகோதரரையோ மருமகளையோ அனுப்புங்கள். தாயின் மருந்துத் தாளின் பிரதி ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். வதந்தியைக் கொண்டுபோகாதீர்கள், கொண்டுவரவும் வேண்டாம்.

வீட்டிலே முதியவரைப் பராமரிப்போருக்கும் இப்பாடம் பொருந்தும். அநேக வீடுகளில் ஒரு மகளின் தோளில்தான் எல்லாம் இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால், அல்லது பிரசவத்துக்குப் போனால், அப்பாவின் இன்சுலின் யார் கையில்? தம்பிமாரே, அண்ணன்மாரே, "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லிவிட்டு இருப்பது நியாயமா? இரண்டாவது பெயர் ஒன்றை வீட்டுச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள், தேவை வருமுன்பே, ஒரு நாள் கூடநின்று பழகிக்கொள்ள வேண்டும்.

நேரத்துக்கு உணவு கொடுப்பவன்

தலைவன் தன் வீட்டார்மேல் ஒரு விசாரிப்புக்காரனை வைத்தான்; வேளைக்கு வேளை அவர்களுக்குரிய உணவைக் கொடுப்பதே அவன் வேலை என்று நம் ஆண்டவர் ஓர் உவமை சொன்னார் (லூக்காஸ் 12). அந்த வீடு அவனுடையதன்று. தலைவன் வரும் நாளும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் தலைவன் வந்து பார்க்கும்போது உணவு நேரத்துக்குப் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தால் அவன் பாக்கியவான். பதில் பொறுப்பு என்பது இவ்வளவுதான், ஆனால் இவ்வளவும்தான்.

உண்மையில் நாம் அனைவரும் பதில் பொறுப்பாளர்களே. குடும்பமும் பங்கும் பதவியும் நமக்குச் சொந்தமல்ல. சில காலம் காத்து, இன்னொருவர் கையில் கொடுத்துப் போகவேண்டியவை. இதை நினைவில் வைத்தவர் அதிகாரத்தில் மிஞ்சமாட்டார், கடமையில் குறையவுமாட்டார். அத்தகையவர் ஒருவர் இல்லத்தில் இருந்தால், சனி இரவு என்ன நடந்தாலும், ஞாயிறு காலையில் ஆச்சிக்குக் கஞ்சி நேரத்துக்கு வரும்.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நம் வீட்டு முதியவரைப் பராமரிப்பவர் நாளைக்கே நோயுற்றால் அடுத்த ஆள் யார்? அவருக்கு மருந்துகளும் நேரங்களும் தெரியுமா?

2. நம் உறவினர் இருக்கும் இல்லத்தில் பொறுப்பாளருக்கு அடுத்தவர் யார் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

3. யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தையும் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஆரோன் எந்த இடத்தில் "மாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம்? மக்கள் எந்த இடத்தில் பொறுத்திருந்திருக்கலாம்?

4. ஒரு பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தபோது நாம் கணக்குக் கொடுத்தோமா? பொறுப்பு போனபின்பும் பணிக்கு உதவி செய்தோமா?

இவ்வாரக் குடும்ப செபமாலையில் ஒரு பத்து மணியை, முதியோர் இல்லங்களில் பதில் பொறுப்பை ஏற்று, பெயர் இல்லாமற் பணிபுரியும் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுப்போம்.